அன்னாபொலிஸுக்குப் போகும் மகனும் 600 வெள்ளி கேட்கும் ஆளும்

கேள்வி: என் மகன் தெக்கோங்கில் அடிப்படை ராணுவப் பயிற்சி முடித்து இப்போது அதிகாரி பயிற்சிப் பள்ளியில் இருக்கிறான். உபகாரச் சம்பளம் கிடைத்து, ஜூன் கடைசியில் அன்னாபொலிஸில் இருக்கும் அமெரிக்கக் கடற்படை அகாடமிக்குப் போகிறான். அங்கே பெற்றோர் சங்கம் இருக்கிறதாம், அதில் சேர்ந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 600 சிங்கப்பூர் வெள்ளி கட்டினால் சங்கத்தில் சேர்த்துவிட்டு, மாதாமாதம் பலகாரப் பொட்டலம் அனுப்பி, ஆகஸ்ட்டில் பெற்றோர் வருகைக்கு அறையும் உள்ளே போக அனுமதி அட்டையும் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கட்டலாமா? (ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு தாயார்)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசலாம். அவர் தருவதாகச் சொல்லும் நான்கில், அனுமதி அட்டை விலைக்குக் கிடைக்கும் பொருளே அல்ல. சங்கத்தில் சேர்வது ஒரு மின்னஞ்சலில் முடியும் வேலை. பலகாரமும் அறையும் நீங்களே பார்த்துக்கொண்டால்தான் சரியாக நடக்கும்.

உங்கள் மகன் படித்த உயர்நிலைப் பள்ளியில் பெற்றோர் ஆதரவுக் குழு இருந்திருக்கும். அவர்கள் பள்ளிக்குள் போவார்கள், ஆசிரியரைப் பார்ப்பார்கள், ஏதாவது குறை என்றால் முதல்வர் காதில் போடுவார்கள். இதுவும் அப்படித்தான் என்று நம் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அகாடமியின் பெற்றோர் சங்கங்கள் மாநிலம் மாநிலமாகப் பெற்றோர்களே கூடி நடத்துபவை. சங்கத் தலைவர் நினைத்தாலும் உங்கள் மகனின் அறையை மாற்ற முடியாது, மதிப்பெண்ணைக் கேட்டுச் சொல்ல முடியாது, தண்டனையைக் குறைக்க முடியாது. 'உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, பையன் எப்படி இருக்கிறான் என்று வாராவாரம் கேட்டுச் சொல்கிறேன்' என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை அப்போதே தடுத்துவிடுங்கள்.

அப்படியானால் சங்கம் என்னதான் செய்கிறது? ஜூனில், புதிதாகப் போகும் குடும்பங்களைக் கூட்டிச் சாப்பாடு போட்டு வழியனுப்புவார்கள். தேர்வு நேரத்தில் தங்கள் மாநிலப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் திரட்டி அனுப்புவார்கள். அமெரிக்கக் காற்பந்து ஆட்ட நாள்களில் அரங்கத்துக்கு வெளியே கூடாரம் போட்டுச் சமைத்து, பசியோடு வரும் பிள்ளைகளின் தட்டை நிரப்புவார்கள். எல்லாம் நல்ல காரியம். ஆனாலும் என் அனுபவத்தில் இந்தச் சங்கத்தால் பிள்ளையைவிடப் பெற்றோருக்குத்தான் அதிகப் பயன். நீங்கள் சேர வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

ஏனென்றால் முதல் கோடைப் பயிற்சி ஆறேழு வாரம். கைபேசி கையில் இருக்காது. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அழைப்பு வரும். தெக்கோங்கில் முதல் இரண்டு வாரம் தாண்டியதும் சனிக்கிழமை அழுக்குத் துணிமூட்டையோடு வீட்டு வாசலில் வந்து நின்றானே, அது இங்கே நடக்காது. அப்போது பெற்றோர் என்ன செய்வார்கள் தெரியுமா? வெளியாகும் பயிற்சிப் படங்களை மணிக்கணக்கில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். உட்லண்ட்ஸ் தாயார் ஒருவர், ஒரே மாதிரி மொட்டைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக நின்ற வரிசையில் தம் மகனைக் காதை வைத்துக் கண்டுபிடித்தார். 'இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும் சார், பிரசவ வார்டில் முதலில் பார்த்ததே அதைத்தான்' என்று என்னிடம் படத்தைக் காட்டினார். அந்தப் படத்தை அவருக்கு அனுப்பியது சங்கத்தில் பழக்கமான ஓர் அமெரிக்கத் தாய். அதற்கு 600 வெள்ளி தேவைப்படவில்லை.

இதில் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி ஒரு ராணுவ அகாடமியில் ஒரே நேரத்தில் 60 வெளிநாட்டு மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது. பான்கிராஃப்ட் ஹால் என்ற ஒரே விடுதியில் 4,000க்கும் மேற்பட்டவர்கள் தங்குகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் ஒரு கைப்பிடி. சங்கங்களோ அமெரிக்க மாநிலங்களை வைத்துப் பிரிந்தவை. சிங்கப்பூர் எந்த மாநிலத்திலும் வராது. அதனால் அகாடமி இருக்கும் மேரிலாந்து மாநிலத்துச் சங்கத்துக்கு நீங்களே எழுதி, 'என் மகன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான், எங்களைச் சேர்த்துக்கொள்வீர்களா' என்று கேளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் மகனையே நான்கு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தா கேட்டால் சங்கத்துக்கு நேரடியாகக் கட்டுங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

இந்த விவரங்களை ஒரே பக்கத்தில் எழுதிக் குடும்பத்தின் கையில் கொடுக்க இத்தனை வருடத்தில் எந்த அலுவலகத்துக்கும் தோன்றவில்லை. அதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. உறுதிமொழிப் படிவம், காப்புறுதிப் படிவம், தடுப்பூசிப் படிவம் என்று கத்தையாக வரும். சுருக்கெழுத்துகளுக்கே தனியாக அகராதி வேண்டும். 'உங்கள் பிள்ளையை எப்படித் தொடர்புகொள்வது' என்ற ஒரு வரியை மட்டும் தேடினாலும் கிடைக்காது. அந்த ஓட்டையில்தான் 600 வெள்ளிக்காரர்கள் நுழைகிறார்கள்.

பிள்ளைக்கு உண்மையில் துணையாக இருக்கப்போவது ஸ்பான்சர் குடும்பம். அன்னாபொலிஸ் வட்டாரத்தில் வசிக்கும் குடும்பங்கள் தாங்களாகவே முன்வந்து, முதலாண்டு மாணவர்களுக்குத் தங்கள் வீட்டைத் திறந்து வைக்கின்றன. வெளியே போக அனுமதி கிடைக்கும் நாள்களில் பையன் அங்கே போய்ச் சோபாவில் விழுந்து தூங்கலாம், துணி துவைக்கலாம், உங்களோடு நிதானமாகப் பேசலாம். குடும்பத்தை இணைத்துவிடுவது அகாடமி, கட்டணம் கிடையாது. இதையும் காசுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லும் ஆள்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். அந்தக் குடும்பத்தின் பெயர் தெரிந்ததும் நீங்களே ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள்.

அடுத்து ஆகஸ்ட் பயணம். கோடைப் பயிற்சியின் முடிவில் பெற்றோர் வருகைக்கென்று ஒரு வாரக்கடைசி உண்டு, முடிந்தால் போய்வாருங்கள். அன்னாபொலிஸ் சின்ன ஊர், அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். விடுதியோடு நேரடியாகப் பேசி, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாக எடுங்கள். ஊருக்குள் கிடைக்காவிட்டால் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி வாஷிங்டன் இருக்கிறது. அகாடமி வாசலில் பாஸ்போர்ட்டின் அசலைக் கேட்பார்கள், நகல் எடுபடாது.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா வேண்டாம், எஸ்டா என்ற இணைய அனுமதி போதும். அதற்கு இப்போது சுமார் 40 அமெரிக்க டாலர். 2025 செப்டம்பர் வரை 21 டாலராக இருந்தது. தேடினால் அரசாங்கத் தளம் போலவே கொடியும் கழுகுமாக வேறு தளங்கள் முன்னால் வந்து நிற்கும், நூறு டாலர்வரைகூடக் கேட்கும். முகவரியின் கடைசியில் அமெரிக்க அரசுக்கான 'டாட் கவ்' (.gov) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைப் போடுங்கள்.

இனி பலகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவுக்குள் உணவுப் பொருள் அனுப்பினால் அந்த நாட்டு உணவுத் துறைக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒருவர் தம் வீட்டில் தாமே செய்த உணவைத் தாமே இன்னொருவருக்கு அன்பளிப்பாக அனுப்பினால் அந்தத் தகவல் தேவையில்லை. நீங்கள் உங்கள் அடுப்பில் சுட்ட முறுக்கை நீங்களே உங்கள் பெயரில் மகனுக்கு அனுப்பினால் இந்த விலக்கு பொருந்தும். அதே முறுக்கை டேக்கா கடையில் வாங்கி அனுப்பினால் பொருந்தாது. நீங்கள் சுட்டதையே வேறொருவர் வாங்கித் தம் பெயரில் அனுப்பினாலும் பொருந்தாது. மாதப் பொட்டல வியாபாரம் இங்கேதான் இடிக்கிறது. பெட்டியின் மேல் 'வீட்டில் செய்தது, அன்பளிப்பு' என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். மதிப்பு 100 அமெரிக்க டாலருக்குள் இருக்கட்டும். 2025 ஆகஸ்ட் 29 முதல் சின்னப் பொட்டலங்களுக்கு இருந்த வரிச் சலுகை போய்விட்டது, அந்த வரம்புக்குள் வரும் அன்பளிப்புக்கு மட்டும் இன்னும் உண்டு. இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை ஒரு கொத்துகூட வைக்காதீர்கள், எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரவும் என்று பறித்துவிடுவார்கள்.

இதெல்லாம் செப்டம்பருக்கு அப்புறம். கோடைப் பயிற்சி நடக்கும்போது தின்பண்டம் அனுப்பாதீர்கள். கடிதம் மட்டும் அனுப்புங்கள், நிறைய அனுப்புங்கள். தமிழில் எழுதுங்கள். வீட்டுப் பூனை, கீழ்த்தளத்துக் காப்பிக்கடை, தம்பியின் தேர்வு என்று சாதாரண விஷயங்களாக எழுதுங்கள். 'உன்னை நினைத்து அழுகிறேன்' என்று மட்டும் வேண்டாம். அவன் அதை இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகுமுன் படிப்பான். அப்போது இங்கே காலை பத்து மணி, உங்களைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல அவனுக்கு வழி இருக்காது.

கடைசியாக ஒன்று. வீட்டில் பாட்டிக்கோ அப்பாவுக்கோ திடீரென்று ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதை அவன் விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோர் சங்கத்தைக் கூப்பிடாதீர்கள். உபகாரச் சம்பளத்தைக் கவனிக்கும் தற்காப்பு அமைச்சின் அதிகாரியிடம் பெயரையும், அலுவலக நேரம் தாண்டியும் எடுக்கும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பொதுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பப் பார்த்தால் எழுந்து வராதீர்கள். எண் கிடைத்ததும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள், அகாடமி கொடுக்கும் அஞ்சல் முகவரியையும் பக்கத்தில் எழுதுங்கள். அதில் அவன் இருக்கும் பயிற்சிப் பிரிவுகளின், அதாவது கம்பெனி, பிளட்டூன் எண்கள் இருக்கும். கடித உறையில் அவற்றை விட்டுவிட்டால் கடிதம் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும்.