நாலு மணி நேர விமானம், பதிமூன்று மணி நேரப் பயணம்

கேள்வி: சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக, டிக்கெட்டில் கிளம்பும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் 6 மணி 40 நிமிட இடைவெளி. திரும்பி வர 1 மணி 40 நிமிடம்தான். போகும்போது மட்டும் விமானத்தைச் சுற்றவிடுகிறார்களா? (வேலூர்)

பதில்: இல்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போனாலும் வந்தாலும் நாலு மணி நேரம் சொச்சம்தான்.

கேள்வி: தூரம் சுமார் 2,900 கி.மீ., வேகம் 850 கி.மீ. மூன்றரை மணி நேரத்தில் போக வேண்டியதற்கு நாலேகால் மணி போட்டிருக்கிறார்கள். வழக்குப் போடலாமா? (திண்டுக்கல்)

பதில்: போடலாம், தோற்கலாம். 2,900 என்பது உலக உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த தூரம். விமானம் நூல் பிடித்தா பறக்கிறது? டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம். இங்கே சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து அங்கே கட்டை வைக்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். அதோடு கொஞ்சம் நிமிடங்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டு, ‘இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்று பெருமையாக அறிவிப்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த இருபது நிமிடமும் பெட்டிக்காகக் காத்து நிற்பதில் போய்விடும்.

ஆனாலும் அந்த பிளாக் டைம் எண்ணை இகழாதீர்கள். நம் நாட்டு விதிப்படி, இரண்டரை மணி வரையுள்ள பயணம் 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். இரண்டரை முதல் 5 மணி வரை என்றால் 3 மணி நேரத் தாமதம். உங்கள் சிங்கப்பூர் இதில்தான் வரும்.

கேள்வி: கோலாலம்பூரில் மாறிப் போனால் 4,000 ரூபாய் மிச்சம். இரண்டும் தனித்தனி டிக்கெட், நடுவில் 2 மணி நேரம். வாங்கலாமா? (கரூர்)

பதில்: வேண்டாம். நான் வாங்கினேன். முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்கப் போனால் கவுன்ட்டரை மூடியிருந்தார்கள். தனி டிக்கெட் என்பதால் இரண்டு கம்பெனியும் கையை விரித்துவிட்டன. புது டிக்கெட் எடுத்ததில் மிச்சம் பிடித்ததைப்போல மூன்று மடங்கு போனது. பதிமூன்று மணி நேரம் கழித்துத்தான் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தேன். கோலாலம்பூரிலிருந்து சாலை வழியே சுமார் 350 கி.மீ.தான். பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம்.

கேள்வி: 72 வயது அம்மாவுக்கு ‘எங்கேயும் நிற்காது’ என்று வாட்ஸப்பில் சொல்லித்தான் ஏஜெண்ட் பணம் வாங்கினார். டிக்கெட் வந்தால் கொழும்பில் 7 மணி நேரக் காத்திருப்பு. கேட்டால், ‘டைரக்ட் என்றுதானே சொன்னேன்’ என்கிறார். (திருச்சி)

பதில்: இதில் உங்கள் தப்பு எதுவுமில்லை. நடுவில் இறங்கி ஏறினாலும் எண் மாறாத விமானத்தை டைரக்ட் என்பார்கள். நிற்காமல் போவது நான்ஸ்டாப். உங்கள் அம்மா கொழும்பில் விமானமே மாற வேண்டும் என்றால் அது இரண்டுமில்லை, பச்சைப் பொய். அந்த வாட்ஸப் செய்தியை அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அப்புறம் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஏஜெண்ட் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: 12ஆம் தேதி இரவு 12:10க்கு விமானம். 12ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கே போய்விட்டேன். ‘நேற்று ராத்திரியே போய்விட்டது’ என்கிறார்கள். பணம் திரும்ப வருமா? (சேலம்)

பதில்: டிக்கெட்டைப் படித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். 12ஆம் தேதி இரவு 12:10 என்றால், 11ஆம் தேதி நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம். பயன்படுத்தாத விமான நிலைய வரிகளை மட்டும் கேட்டு வாங்குங்கள்.