கிணத்துத் தண்ணி, சீற்றுக் கூரை, வெத்திலை: கேள்வி பதில்

புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் பற்றி யாழ்ப்பாணத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, நீர் ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

கோண்டாவில்: ஐயா, எங்கட கிணத்திலை நைத்திரேற்று கூடவாம். கொதிக்க வைச்சுக் குடிச்சாச் சரிதானே?

பதில்: இல்லைப் பிள்ளை. தண்ணிதான் ஆவியாப் போகும், நைத்திரேற்று அப்பிடியே நிண்டு இன்னும் செறியும். உலக சுகாதார நிறுவனத்தின்ரை எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல்; வெங்காயத்துக்குப் போட்ட யூரியாவிலையும் மலகூடக் குழியிலையும் இருந்து நைத்திரேற்று கெதியா நிலத்தடி நீரிலை சேர்ந்திடும். உடம்புக்குள்ளை அது நைத்திரைற்றாகி, பிறகு நைத்திரோசமீன் எண்ட புற்றுநோய்ப் பொருளாகும் எண்டதுதான் பயம். கைக்குழந்தைக்கு ஆபத்து அதுக்கு முந்தியே வரும்: இரத்தம் ஒட்சிசன் காவ ஏலாமல் உடம்பு நீலம் பாரிக்கும். பால்மா கரைக்க அந்தத் தண்ணி வேண்டாம்.

சுன்னாகம்: கழிவு எண்ணெய் மிதந்த கிணறு. இப்ப மணம் இல்லை, குடிக்கலாமோ?

பதில்: மூக்கை நம்பாதேங்கோ. அந்த எண்ணெயிலை இருக்கக்கூடிய பென்சீன் எண்ட இரசாயனம் இரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும். வழமையான தண்ணிச் சோதனையிலை அது தெரியாது, பென்சீனுக்கெண்டு கேட்டுச் செய்விக்க வேணும்.

மானிப்பாய்: நைத்திரேற்றுத் தண்ணியைக் கொதிக்க வைச்சு, துணியாலை வடிகட்டினால்?

பதில்: மேலை கோண்டாவிலுக்குச் சொன்னதை வாசியுங்கோ.

சாவகச்சேரி: அஸ்பெஸ்ரஸ் சீற்றுக் கூரை வீடு. கழட்ட வேணுமோ?

பதில்: உடையாத சீற்று மேலையே கிடக்கட்டும் தம்பி. ஆளைக் கொல்லுறது தூசி. கிறைண்டராலை வெட்டாதை, காய்ஞ்ச பாசியை உரஞ்சாதை. இறக்கிறதெண்டால் நனைச்சு, முழுசா இறக்கு. உடைஞ்ச துண்டுகளை ஒழுங்கைப் பள்ளத்துக்குப் போடுறாங்கள், லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஏறி ஏறி மாவாகுது! நுரையீரல் உறையிலை வாற புற்றுநோய்க்கு 20, 40 வருஷமும் செல்லும், அதுக்குள்ளை சீற்று வெட்டின நாளை ஆர் நினைச்சிருப்பினம்? 2018இலை அஸ்பெஸ்ரஸ் இறக்குமதிக்குத் தடை வரவிருந்தது. அதை எங்களுக்கு வித்த ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிப்பாட்ட, தடை தள்ளிப்போச்சு.

பருத்தித்துறை: எங்கட அப்பு தொண்ணூறு வயசு மட்டும் வெத்திலை போட்டவர். ஒண்டும் வரேல்லை.

பதில்: வாய்ப்புற்று வந்து முந்திப் போனவையின்ரை பேரப்பிள்ளையள் இங்கை வந்து கேள்வி கேக்கிறேல்லை.

பருத்தித்துறை: அவர் போட்டது எங்கட ஊர்ப் புகையிலை, இயற்கையானது.

பதில்: இலையைப் பதப்படுத்தேக்கையே நைத்திரோசமீன் உண்டாகுது. அதுக்கு ஊர் தெரியாது.

நல்லூர்: நான் புகையிலை சேர்க்கிறேல்லை, பாக்கு மட்டும்தான்.

பதில்: பாக்குத் தனியாவே காணும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலை அதை முதலாம் பிரிவிலை, புற்றுநோய் உண்டாக்கும் எண்டு உறுதியான பொருட்களோடை, போட்டது.

நல்லூர்: அஸ்பெஸ்ரசும் அதே பிரிவுதானே, அப்ப ரெண்டும் ஒரே அளவு ஆபத்தோ?

பதில்: நல்ல கேள்வி. பிரிவு சொல்லுறது சான்று எவ்வளவு உறுதி எண்டதை, ஆபத்தின்ரை அளவை இல்லை. ஆபத்தின்ரை அளவு, எவ்வளவு, எத்தினை வருஷம் உடம்புக்குள்ளை போகுது எண்டதிலை கிடக்கு. நீங்கள் அஸ்பெஸ்ரசை மெல்லுறேல்லைத்தானே.

பருத்தித்துறை: கலியாண வீட்டிலை வெத்திலைத் தட்டத்தையும் நிப்பாட்டச் சொல்லுவியள் போல.

பதில்: தட்டம் இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் கொடுப்புக்கை அடக்கி வைக்கிறதைத்தான் சொல்லுறன். வாய்க்குள்ளை ஆறாத புண், வெள்ளைப் படை, காரம் பட்டால் எரிவு, மூண்டு விரல் நுழையிற அளவுக்கு வாய் திறக்க ஏலாமை, இதிலை ஒண்டு இருந்தாலும் இந்தக் கிழமையே பல் வைத்தியரிட்டைக் காட்டுங்கோ.