டர்பனுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, தென்னாப்பிரிக்காவில் டர்பனில் வேலை கிடைத்திருக்கிறது, இங்கிலீஷ் போதுமா, இந்த ஊர்க்காரர்கள் பேசும் ஜூலு மொழி படிக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்கும் ஆபீசுக்கும் இங்கிலீஷ் போதும். வாடகை, பள்ளிக்கூடம் எல்லாம் வந்த பிறகு தானாகத் தெரிந்துவிடும்.

2006-இல் நான் வந்த முதல் வாரம், கிடங்கு வாசலில் வயதான காவலாளியிடம் வழி கேட்டேன். "சௌபோனா" என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் "சௌபோனா". வணக்கம் சொல்லாமல் இங்கே யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு "யெபோ" என்று பதில் சொல்ல வேண்டும். அப்புறம் "உன்ஜானி?" என்பார்கள், எப்படி இருக்கே என்று. "ங்கிகோனா" என்றால் போதும். நம் ஊரில் "இருக்கேன்" என்கிறோமே, அதேதான். பெரியவர் என்றால், பலர் நின்றால், "சௌபோனா"வுக்குப் பதில் "சனிபொனானி". நீ, நீங்கள் பார்த்துப் பேசி வளர்ந்த நமக்கு இதில் சிரமமே இல்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஃபனகாலோ என்று ஒரு கலப்புப் பேச்சு உண்டு. சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை வாங்கப் புழங்கியது. அதை யாராவது ஜூலு என்று சொல்லிக்கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. டீ போடும் அம்மாவிடம் "மினா ஃபுனா மான்சி" என்று தண்ணீர் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "என் அப்பாவைச் சுரங்கத்தில் இப்படித்தான் அதட்டினார்கள்" என்றார். "ங்கிசேலா அமான்சி" என்று கேட்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அந்தச் "சே" வெறும் சே இல்லை, பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டுகிறோமே, அந்தச் சத்தம். ஜூலுவில் இப்படி இன்னொரு சத்தமும் உண்டு, மாட்டை ஓட்டும்போது கன்னத்தின் ஓரத்தில் எழுப்புவது. கிராமத்தில் வளர்ந்தவருக்கு இரண்டும் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

பத்து வருஷம் இங்கே இருந்தும் "யெபோ" தாண்டாத நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 1860-இல் மெட்ராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு வகுப்பும் கிடையாது, செல்போனும் கிடையாது. நமக்கு எல்லாம் இருக்கிறது.

டீ போடும் அந்த அம்மாவை "மாமா" என்றுதான் கூப்பிட வேண்டும். ஜூலுவில் அம்மாவுக்கு அதுதான் சொல். ஒரு பெண்ணை மாமா என்று கூப்பிட என் நாக்கு மாசக்கணக்கில் தயங்கியது. அவர் ஓய்வு பெற்ற அன்று கேட்டில் நின்று "சாலா காஹ்லே" என்றார், நல்லபடியாக இரு என்று. போகிறவர் சொல்வது அது. இருப்பவன் "ஹம்பா காஹ்லே", நல்லபடியாகப் போ என்று சொல்ல வேண்டும். சொன்னேன். உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். "போயிட்டு வாங்க" என்றேன். திரும்பியும் வரச் சொல்கிறீர்களா என்று என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.