கேள்வி–பதில்: கீழ்த்தளத்து வீடும் ரேடானும்

கே: காலடிப்பேட்டையில் ஒரு பழைய தனி வீட்டைப் பேசி வைத்திருக்கிறோம். படுக்கையறை இரண்டும் கீழ்த்தளம். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், "ரேடான் டெஸ்ட் எடுக்காமல் பணம் கொடுக்காதே" என்கிறார். புரோக்கரோ, "கல்பாக்கத்தில் கேட்க வேண்டியதை இங்கே வந்து கேட்கிறீர்களே" என்கிறார். வீட்டுக்காரர் நான்கு நாளைக்குச் சாவி தரத் தயார். என்ன செய்யலாம்?
– வாசகி, திருவொற்றியூர்

ப: கல்பாக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே இருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அந்த ரேடியத்திலிருந்து பிறக்கும் வாயுதான் ரேடான். நிறமோ வாசனையோ கிடையாது. வெட்டவெளியில் காற்றோடு கலைந்துவிடும். அடைத்த அறையில் தேங்கும். அதன் சிதைவுப் பொருள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் படிந்து கதிர்வீசுகின்றன. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்தபடியான முக்கியக் காரணங்களில் ஒன்று இது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் அவருக்கு ஆபத்து பல மடங்கு.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரம் பெரும்பாலும் மணலும் வண்டலும்தான். நிலத்தடி நீரும் மேலாகவே இருக்கும். நீர் நிரம்பிய மண்ணில் ரேடான் மெதுவாகத்தான் நகரும். எனவே பீதி அடைய வேண்டிய பகுதி இல்லை. ஆனால் ஊரை வைத்து ஒரு வீட்டை முடிவு செய்ய முடியாது. ஒட்டி நிற்கும் இரண்டு வீட்டிலேயே அளவு மாறும். ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்த காலமும் போய்விட்டது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். கீழ்த்தளத்து அறையை இரவெல்லாம் அடைத்துப் படுக்கும் குடும்பம் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நான்கு நாள் போதும். பேட்டரியில் ஓடும் மின்னணு ரேடான் மீட்டர் நல்லது. காலி வீட்டில் கரன்ட் இருக்கும் என்று நம்ப முடியாது. முதல் நாளே ஜன்னல், வாசல் கதவு எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். 12 மணி நேரம் கழித்து, படுக்கப்போகும் அறையில் ஒரு ஸ்டூல் மேல் மீட்டரை வையுங்கள். தரையிலிருந்து குறைந்தது 20 அங்குல உயரம், ஜன்னலிலிருந்து மூன்று அடி, வெளிச்சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்கட்டும். சமையலறை, குளியலறை வேண்டாம். மின்விசிறி ஓடக் கூடாது. குறைந்தது 48 மணி நேரம் ஓட வேண்டும். 72 ஆனால் இன்னும் நல்லது. முதல் நாள் காட்டும் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீட்டர் நிலைப்பட நேரம் பிடிக்கும். மணிக்கு மணி அளவைப் பதிவு செய்யும் மீட்டராகக் கேட்டு வாங்குங்கள். நடுவில் யாராவது ஜன்னலைத் திறந்திருந்தால் அந்த நேரத்தில் அளவு சட்டென்று இறங்கியிருப்பது தெரிந்துவிடும்.

அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரெலுக்குள் (பெக்கரெல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தால் நிம்மதியாக மேலே பேசலாம். அந்த 100 உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. அது முடியாத இடத்திலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் அண்ணன் சொல்லும் அமெரிக்கக் கணக்கில் லிட்டருக்கு 4 பிகோகியூரி என்பது நம் கணக்கில் கன மீட்டருக்கு 148 பெக்கரெல். வாடகைக்கு எடுத்த மீட்டர் எந்த அலகில் காட்டுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2.5 என்ற எண்ணைப் பார்த்து "ஒன்றுமே இல்லை" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது 92 பெக்கரெல். முடிவு கைக்கு வரும்வரை டோக்கன் அட்வான்ஸோடு நிறுத்துங்கள்.

கே: பழைய வண்ணாரப்பேட்டையில் பார்த்த வீட்டில் மூன்று நாள் சோதனையில் 210 பெக்கரெல் வந்தது. "விரிசலில் சிமென்ட் பூசித் தருகிறேன்" என்கிறார் விற்பவர். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

ப: வீட்டைக் கைவிட வேண்டிய எண் இல்லை. ஆனால் சிமென்ட் பூச்சு தீர்வும் இல்லை. சிமென்ட் காயும்போது சுருங்கி, பழைய விரிசலின் ஓரத்திலேயே புது விரிசல் விடும். வாயு நுழைய முடியளவு இடைவெளி போதும்.

முதலில் வாயு நுழையும் இடத்தைத் தேடுங்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் வழக்கமாகப் பார்க்க வேண்டியவை: போர்வெல் கேசிங் பைப் தரையைத் துளைத்து வரும் இடம், வீட்டுக்குள்ளேயே இருக்கும் சம்ப்பின் மூடி, சுவரும் தரையும் சேரும் மூலை, கடப்பா கல் இணைப்புகள். கேசிங்கைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கருப்பாகப் பள்ளம் தெரிந்தால் அது நேராக மண்ணுக்குப் போகிறது. உதிரும் காரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, தூசியை ஊதி, நுரைக் கயிற்றை உள்ளே அழுத்தி, அதன் மேல் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் அடிக்க வேண்டும். ஈரத்தோடு அடித்தால் பிடிக்காது. சம்ப் மூடிக்கு ரப்பர் கேஸ்கெட் போடுங்கள்.

பிறகு அதே முறையில் மறுபடி அளவெடுங்கள். அப்போதும் 100-க்கு மேல் நின்றால், குறைந்தது மூன்று மாதம் வைக்கும் ஆல்ஃபா படலச் சோதனை (கதிர்கள் பட்ட தடத்தைப் பதிவு செய்யும் சிறு பிளாஸ்டிக் படலம்) செய்த பிறகே பெரிய செலவில் இறங்கலாம். மூடி வைத்து எடுக்கும் குறுகிய சோதனை மிகையாகக் காட்டக்கூடும். மழைக்காலத்தில் எடுத்தால் இன்னொரு சிக்கல்: சுற்றிலும் மண் நனைந்து அடைபட, வாயு வீட்டுக்கு அடியில் இருக்கும் காய்ந்த மண் வழியாக மேலே வரப் பார்க்கும்.

பெரிய செலவு என்பது தரைக்கு அடியிலிருந்து 4 அங்குல பிவிசி பைப்பை மொட்டைமாடிக்கு மேல் கொண்டுபோய், நடுவில் ஃபேன் வைத்து மண்ணின் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவது. மேலைநாடுகளில் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் தெருவில் ஐப்பசி, கார்த்திகையில் சம்ப்புக்குள் ஊற்று வருகிறதா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வந்தால் பைப்பின் அடியில் தண்ணீர் நின்று உறிஞ்சல் நின்றுவிடும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வைத்துத் தப்பிக்க நினைக்காதீர்கள். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் அது மண்ணிலிருந்துதான் இழுக்கும். எதிர்ச்சுவரில் காற்று நுழையத் துவாரம் விட்டால்தான் பயன்.

கே: மணலியில் மூன்றாம் மாடி ஃபிளாட். ஃப்ளை ஆஷ் செங்கல், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். ஆபத்தா?
– வாசகி, மாதவரம்

ப: மூன்றாம் மாடிக்கு மண்ணின் ரேடான் ஏறி வருவது அரிது. நிலக்கரிச் சாம்பலில் ரேடியம் கூடுதல்தான். ஆனால் கண்ணாடி போல உருகி இறுகிய துகளுக்குள் சிக்கியிருப்பதால் வாயுவாக வெளியேறுவது குறைவு. சீலிங் பலகையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உரத் தொழிற்சாலைக் கழிவான பாஸ்போஜிப்சத்தில் செய்தது என்றால் ரேடியம் அளவுக்கான ஆய்வுச் சான்று வேண்டும். ஒரு கிராமுக்கு 1 பெக்கரெல் என்பது நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த வரம்பு.

கே: போர் தண்ணீரிலும் ரேடான் இருக்குமாமே?
– வாசகர், எர்ணாவூர்

ப: இருக்கலாம். மேல்நிலைத் தொட்டியில் கொட்டும்போதே பெரும்பகுதி பறந்துவிடும், மிஞ்சுவதும் 3.8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். உங்கள் பகுதியில் அதைவிட முந்திக்கொண்டு பார்க்க வேண்டியது உப்பும் எண்ணெயும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கண்ணாடி பாட்டிலில் பிடித்து உடனே மூடி, டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு), குளோரைடு, எண்ணெய்ப் பொருள் மூன்றுக்கும் ஆய்வகத்தில் கொடுங்கள். டிடிஎஸ் லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால், வேறு குடிநீர் இல்லாத இடத்திலும் அதைக் குடிக்க இந்தியத் தரநிலை அனுமதிப்பதில்லை.