உச்சி வெயிலில் வந்த பயம்

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். தம்பி ஆடு மேய்க்கிறான். போன மாதம் உச்சி நேரத்தில் ஆடுகளைக் காட்டோரம் விட்டுவிட்டு வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான். நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், செத்துவிடுவேன் என்று அழுகை. முனி அறைந்துவிட்டது என்கிறார் அம்மா. தருமபுரியில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் கோளாறு இல்லை, இது 'பேனிக் அட்டாக்' என்றார். எதைப் பார்த்துப் பயந்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதையும் பார்க்கவில்லை என்கிறான். யாரும் நம்பவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொல்வதை நம்புங்கள். எதையும் பார்க்காமலே வருகிற பயத்துக்குத்தான் அந்தப் பெயர்.

'பேனிக்' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'பானுக்கு உரியது' என்று பொருள். பான், கிரேக்கத்தின் ஆர்க்கேடியா மலைநாட்டில் ஆடு மேய்ப்பவர்களின் தெய்வம். ஆட்டுக்கொம்பும் ஆட்டுக்காலும் உடையவன். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தியோக்ரிட்டஸின் பாட்டு ஒன்றில், குழல் வாசிக்கச் சொன்னால் ஆட்டுக்காரன் மறுக்கிறான். உச்சிப் பொழுதில் கூடாது, வேட்டையாடிக் களைத்துப் படுத்திருக்கும் பானுக்குக் கோபம் வரும் என்கிறான். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உச்சிவேளையில் தனியாகப் போகாதே என்று சொல்லித்தானே உங்களையும் வளர்த்திருப்பார்.

மேய்ப்பவர்களை மட்டும் அல்ல, பெரிய படைகளையும் இந்தப் பயம் பிடித்திருக்கிறது. கி.மு. 279இல் கிரேக்கத்தின் டெல்ஃபி கோயில்மேல் படையெடுத்த கலாத்தியர்கள் என்ற வடக்கத்திப் படையினர் பின்வாங்கி ஓரிடத்தில் தங்கினார்கள். ராத்திரி, குதிரைகள் வரும் சத்தம் கேட்பதாக முதலில் சிலருக்குத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் படை முழுக்க வெறி பிடித்தாற்போல் ஆகி, எதிரே நிற்பவன் எதிரி என்று நினைத்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அங்கே எதிரி ஒருவனும் இல்லை. இதை எழுதிய கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசானியாஸ், காரணமில்லாத பயம் பானிடமிருந்து வருவதாகச் சொல்வார்கள் என்கிறார். தம்பியைக் கோழை என்று யாராவது சொன்னால், வாளும் கேடயமும் வைத்திருந்த இவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 'பேனிக் கோளாறு' என்பதைத் தனி நோயாகவே சேர்த்தது. ஆபத்து வந்தால் ஓடுவதற்கு உடம்பு வைத்திருக்கிற ஏற்பாடு, ஆபத்தே இல்லாதபோது முடுக்கிவிடப்படுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். ஒரு தடவை வந்ததாலேயே நோய் என்று ஆகிவிடாது. திரும்பத் திரும்ப வந்து, இனி எப்போது வருமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டால்தான் அது கோளாறு. அதற்கும் பேச்சு சிகிச்சை உண்டு, மருந்து உண்டு, இரண்டும் பலன் தருகின்றன.

எனக்குக் கவலை வேறு. அந்தக் காட்டோரத்துக்கே போகமாட்டேன் என்று தம்பி ஒதுங்கிவிடக் கூடாது. ஒதுங்க ஒதுங்க இந்தப் பயம் வேர்விடும். முதல் சில நாள் யாராவது துணைக்குப் போங்கள். படபடப்பு வந்தால் ஓடாமல் உட்கார்ந்து மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள்.

அம்மா முனியப்பனுக்குப் பொங்கல் வைக்க ஆசைப்பட்டால் வைக்கட்டும், தம்பிக்கும் அது தெம்பாக இருக்கலாம். முனி இன்னும் விடவில்லை என்று மட்டும் அவன் காதுபட யாரும் பேச வேண்டாம். மறுபடி வந்தால் தள்ளிப்போடாமல் அதே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.