கொலையும் பேயும் எழுதிப் பிழைக்க முடியுமா?

கேள்வி: என் முதல் துப்பறியும் நாவலுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத உட்காரலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஒரு நாவல் பெயர் வாங்கித் தரும், மாதச் சம்பளம் தராது. குற்றக் கதை எழுதுகிறவருக்குப் பழைய புத்தகங்கள்தான் சோறு போடும். ஐந்தாவது நாவல் பிடித்துப்போன வாசகர் முந்தைய நான்கையும் தேடிப் போய் வாங்குவார். அப்படி ஒரு அடுக்கு சேரும்வரை வேலை இருக்கட்டும். ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் பி.டி.ஜேம்ஸின் முதல் நாவல் வந்தது 1962-இல். அரசுப் பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றது 1979-இல். மருத்துவமனை நிர்வாகம், பிறகு பிரிட்டிஷ் உள்துறை என்று அவர் பார்த்த வேலைகளே கதைகளுக்குத் தீனியும் போட்டன.

கேள்வி: என் கதையில் டாக்டர் பிணத்தைப் பார்த்ததுமே, "சரியாக இரவு 11.20-க்குச் செத்திருக்கிறான்" என்கிறார். மருத்துவம் படித்த நண்பர் சிரிக்கிறார். அவ்வளவு தப்பா?

நண்பர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. உடலைப் பார்த்துச் சொல்ல முடிவது, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்பது மட்டுமே. விறைப்பு இறந்த சில மணி நேரத்தில் கண்ணிமையிலும் தாடையிலும் தெரிய ஆரம்பிக்கும். சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும், ஒன்றிரண்டு நாளில் தளர்ந்துவிடும். சூடான இடத்தில் எல்லாமே வேகம், குளிரில் மெதுவு. இந்தக் குளறுபடியை ஏன் தொல்லையாக நினைக்கிறீர்கள்? 11.20 என்று அடித்துச் சொல்லிவிட்டால், 11.20-க்கு வேறு இடத்தில் இருந்தவன் எல்லாம் தப்பித்துவிடுவான். ஒன்பதிலிருந்து ஒன்றுக்குள் என்றால் வீட்டில் இருந்த அத்தனை பேர் மேலும் சந்தேகம் விழும்.

இன்னொரு விஷயம். இறந்தபின் ரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் இறங்கித் தோலில் நிறமாகப் படியும். சில மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கும் பிணத்தின் மார்பில் அந்தப் படிவு இருந்தால், யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு அத்தியாயத்துக்கு இது போதுமே! அப்புறம், கைக்குட்டையில் குளோரோஃபார்ம் நனைத்து மூக்கில் வைத்ததும் ஆள் சாய்கிற காட்சி இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நிஜத்தில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை அவன் சும்மா இருக்கமாட்டான்.

இதெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து நஞ்சுகளைக் கற்றவர். 1920-இல் வந்த அவருடைய முதல் நாவலில் ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சைக் கையாண்ட விதத்தை மருந்தாளுநர்களின் இதழ் ஒன்றே பாராட்டியது.

கேள்வி: என் பேய்க் கதையைப் படித்தவர்கள் "நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். யாரும் பயப்படவில்லை!

உங்கள் பேய் எல்லாம் செய்கிறது போலிருக்கிறது. சுவரைத் தாண்டும், கனவில் வரும், கழுத்தையும் நெரிக்கும் என்றால், அடுத்து என்ன நடக்கும் என்று வாசகரால் ஊகிக்கவே முடியாது. ஊகிக்க முடியாதவர் பயப்படவும் மாட்டார். பேய்க்கு ஒரு விதி வையுங்கள். கதவு திறந்திருந்தால்தான் உள்ளே வரும் என்று வாசகருக்குத் தெரியட்டும். பிறகு, கதவைச் சாத்தினோமா என்ற நினைப்பே இல்லாமல் ஒருவரைத் தூங்க வையுங்கள்.

கேள்வி: ஏழு நாவல்களாக ஒரே துப்பறிவாளர். சலித்துவிட்டது, கொன்றுவிடலாமா?

கோனன் டாயில் 1893-இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிப் பார்த்தார். 1903-இல் பிழைக்க வைத்துக் கூட்டிவர வேண்டியதாயிற்று. பிணத்தை யாரும் கண்டெடுக்கவில்லை என்பதால் அது முடிந்தது. நீங்களும் கொல்வதானால் பிணத்தைக் காட்டாதீர்கள். நீண்ட விடுப்பில் அனுப்புவது இன்னும் உத்தமம்.

கேள்வி: திகிலுக்கு ஒரு பெயர், குற்றக் கதைக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் ரகசியமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங், ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் எழுதியது 1985-இல் வெளிப்பட்டது. ஒரு புத்தகக்கடை ஊழியர் பதிப்புரிமைப் பதிவுகளைப் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

கேள்வி: பதிப்பகம் மொத்தமாக ஒரு தொகை தந்து எல்லா உரிமையையும் கேட்கிறது. கையெழுத்துப் போடலாமா?

'எல்லா' என்ற சொல் இருக்கும்வரை போடாதீர்கள். அச்சு, மின்னூல், ஒலி நூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள். கொலைக் கதைக்குத் திரை வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம் என்பதால், கடைசியாகச் சொன்னதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ராபர்ட் பிளாக்கின் 'சைக்கோ' நாவல் 1959-இல் வெளியானது. வாங்குவது யார் என்றே தெரியாமல் அவர் பட உரிமையை 9,500 டாலருக்கு விற்றார். அதிலும் ஏஜென்ட்டுக்கும் பதிப்பகத்துக்கும் பங்கு போனது. வாங்கியவர் திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக். படம் பெரும் வசூல் செய்தும் பிளாக்குக்கு அதில் பங்கில்லை. அச்சு உரிமையை மட்டும், அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு என்று எழுதி வாங்குங்கள். மாட்டோம் என்றால் வேறு பதிப்பகம் பாருங்கள்.