ஒசாகாவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. நானும் மனைவியும் எதையெல்லாம் பார்க்கலாம்?

மனைவிக்கு முழங்கால் வலி, இருவரும் சைவம், பட்டியலில் எட்டு இடம், முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் வேண்டாம். அந்தப் பட்டியலை எழுதியது நீங்களாகத்தான் இருக்கும், உங்கள் மனைவி ஆசைப்பட்ட இடம் அதில் கடைசியில் இருக்கும். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

ஏப்ரலில் போனோம். நான் கேட்டது சிதென்னோஜி ஒன்றைத்தான். 593-ல் இளவரசர் ஷோதோக்கு எழுப்பிய புத்தர் கோயில். கட்டடங்கள் தீயிலும் போரிலும் பலமுறை அழிந்து, திரும்பக் கட்டியவை. ஆனால் வாசல், ஐந்தடுக்குக் கோபுரம், புத்தர் மண்டபம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கும் பழைய அமைப்பு அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

காலையில் ஒசாகா கோட்டைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாகுரா வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு கல் நிற்கிறது. 'தாக்கோ இஷி', அதாவது ஆக்டோபஸ் கல் என்று பெயர். ஒரே கல், 100 டன்னுக்கு மேல். 1620-களில், அப்போது ஜப்பானை ஆண்ட தொகுகாவா குடும்பம் கோட்டையைத் திரும்பக் கட்டியபோது ஒகயாமா பக்கத்திலிருந்து கொண்டுவந்தது. கிரேன் இல்லாத காலம். சாந்து இல்லாமல் கல்லோடு கல் கவ்விக்கொண்டு நிற்கிறது. அந்தச் சுவரின் முன்னால் மனிதர் ஒன்றரை மணி நேரம் நின்றார். "நாற்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை" என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கிளம்பலாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கோட்டையின் நடுக் கோபுரம் 1931-ல் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே அருங்காட்சியகம். கால் வலி இருந்தால் வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

அப்புறம் சாப்பாடு. மொபைலில் மொழிபெயர்த்துக் காட்டி, மீன் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் உடோன், அதாவது சாற்றில் போட்டுத் தரும் கோதுமை நூடுல்ஸ், வாங்கினேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் அந்தச் சாறே காய்ந்த மீனில் எடுத்தது என்று தெரிந்தது. நம் ஊர் மாசிக் கருவாடு செய்கிற அதே சூரை மீன் வகை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் சாறு என்பது மீன் இல்லை. அந்தச் சாற்றுக்குப் பெயர் தாஷி. அதனால் "தாஷி இல்லாமல்" என்று கேளுங்கள். நான் அதற்குமேல் சாப்பிடவில்லை.

பட்டியலில் இருந்த இன்னும் இரண்டு இடங்களுக்கு ஓடிவிட்டு, சிதென்னோஜிக்குப் போனபோது மணி 4.40. நடு முற்றம் 4.30-க்கே மூடிவிடுகிறது. குளிர்காலத்தில் 4 மணிக்கு. மூடிய வாசலைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளி வளாகம் திறந்துதான் இருந்தது. அங்கே இருக்கும் ஆமைக் குளத்தருகே போய் உட்கார்ந்தேன். கல்லின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஆமைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டியலில் மிச்சம் இருந்ததையெல்லாம் பேனாவால் அடித்தார். இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். மேற்கு வாசலில் 1294-ல் எழுப்பிய கல் தோரணம் இருக்கிறது. அதன் வழியாகச் சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். அந்தக் கல்லையும் அவர் தடவிப் பார்த்தார்.

'நாங்கள் ஒரே நாளில் பத்து இடம் பார்த்தோம்' என்று யாராவது கீழே எழுதலாம். உங்களுக்கு முடிந்திருக்கும், சந்தோஷம். நான் அறுபது வயதுக்காரிக்கு முடிந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஒருவர், "இந்த வயசுல ரெண்டு பேருக்கும் எதுக்கு ஜப்பான்? அந்தக் காசைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாமே" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். பிள்ளைக்குப் படிப்பும் கல்யாணமும் செய்து முடித்தாயிற்று. வயதான தம்பதி என்றால் காசி, ராமேஸ்வரம் மட்டும்தானா? இரண்டு பேரும் சேர்ந்து ஆசைப்பட்ட ஊருக்குப் போவது என்ன குற்றமா? இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். கோயில் காலை 8.30-க்குத் திறக்கும், முதலில் அங்கே போங்கள். தனிமாச்சி பாதை மெட்ரோவில் சிதென்னோஜி-மாயே யூஹிகாவோகா ஸ்டேஷன். அதே பாதையில், ரயில் மாறாமல், மூன்றாவது நிறுத்தம் கோட்டைக்கு இறங்க வேண்டிய தனிமாச்சி யோன்-சோமே. அங்கிருந்து நடை அதிகம், மேடும் உண்டு, மெதுவாகப் போங்கள். சாயங்காலம் கால் ஒத்துழைத்தால் தோத்தோன்போரி வாய்க்கால் கரையில் விளக்குகள் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட நிறைய இடம் இருக்கிறது.